நிரம்பாத கிணறு

கடந்த மாரியில் புயல் அடித்து யாழ்ப்பாணம் முழுக்கத் தண்ணீருக்குள் நின்றபோது, புளியடி ஒழுங்கை என்ற சின்னத் தெருவில் மட்டும் பிள்ளைகள் சைக்கிள் ஓடித் திரிந்தார்கள். இந்தச் செய்தியைக் குணலட்சுமி சொல்லாத ஆள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மிச்சமில்லை. மீன்காரரை மறித்துச் சொன்னாள். கோயிலில் திருநீறு வாங்கக் கை நீட்டிய இடைவெளியில் ஐயருக்குச் சொன்னாள். பலாலி வீதி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணுக்கு, அவள் இறங்குமட்டும் சொன்னாள். அந்தப் பெண் இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னமே இறங்கிவிட்டாள் என்றும் ஒரு கதை உண்டு.

சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறிய கையோடு ஒழுங்கையின் சனசமூக நிலையத்துக்குச் செயலாளராக வந்தவள் அவள். அதற்கு முதல் அந்த ஒழுங்கையை ஒழுங்கை என்று சொல்ல வாய் கூசும். கம்பஸ் பக்கத்தில் இருப்பதால் வீட்டுக்கு வீடு படிக்க வந்த பெடியளுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். அறைக்கு அறை குளியலறையும் கட்டியிருந்தார்கள். குளித்த தண்ணீரும் சட்டி பானை கழுவிய தண்ணீரும் மதில் ஓட்டையால் ஒழுங்கைக்கு வரும். ஒரு தூறல் விழுந்தால் பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போகவேண்டும்.

"எல்லாத்தையும் கொழும்பிலைதான் கட்டுவாங்கள். எங்களை ஆர் பாக்கிறது? நாங்கள்தான் எங்களைப் பாக்கோணும்," என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை நித்திரையில் கிடந்த ஆண்களை மண்வெட்டியோடு வெளியே இழுத்தவள் குணலட்சுமி. தண்ணீர் ஓடக் கான் வெட்டிச் சீமெந்து பூசினார்கள். மதில்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் பெயின்ற் அடித்தார்கள். மதிலோரம் குரோட்டன் செடி வைத்தார்கள். கடைசியில், கலியாண வீட்டுப் படக்காரர்கள் மாப்பிள்ளை பொம்பிளையைக் கொண்டுவந்து நிறுத்திப் படம் எடுக்கிற ஒழுங்கையாக அது மாறிவிட்டது.

கானை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்பதில்தான் இடையில் வேலை நின்றது. பெரிய றோட்டு உயரம், அங்கே தண்ணீர் ஏறாது. ஒழுங்கைக் கடைசியில், கனடாவுக்குப் போய்விட்ட குடும்பம் ஒன்றின் வளவு பற்றை பிடித்துக் கிடந்தது. அதற்குள் ஒரு பாழுங்கிணறும் கிடந்தது.

"உந்தக் கிணத்துக்கை விடுவம், அக்கா," என்றார் இராசநாயகம். அவர் நிலையத்தின் தலைவர், குணலட்சுமியின் பக்கத்து வளவுக்காரர். "எவ்வளவு விட்டாலும் உது நிரம்பாது. அடியிலை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. கல்லுக்கை குகை குகையா இருக்கு. எல்லாம் கடலுக்குப் போயிடும்."

அப்படியே விட்டார்கள். புயல் மழை முழுவதையும் அந்தக் கிணறு குடித்தது. மழை விட்ட மறுநாள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் பழைய மட்டத்தில் நின்றது. ஒழுங்கையில் உள்ளவர்கள் அதைக் கோயிலைப் பார்ப்பது போல வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கானுக்கு அடுத்தபடி குணலட்சுமிக்குப் பெருமை அவளுடைய வீட்டுக் கிணறு. அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணிக்கு ஒரு தனி நிறம் என்பாள். அரிசி மெத்தென்று வேகும் என்பாள். சந்தியில் கடை வைத்திருக்கும் செல்வரட்ணம், கம்பஸ் பெடியள் கேட்கிறார்கள் என்று பெரிய போத்தல்களில் தண்ணீர் வாங்கி அடுக்கியபோது, அவள் படி ஏறிப் போய்ச் சண்டை பிடித்தாள். "கிணறு இருக்கிற ஊரிலை தண்ணி விக்கிறாய். நாளைக்குக் காத்தையும் அடைச்சு வைப்பாய் போலை கிடக்கு," என்றாள். செல்வரட்ணம் சிரித்துவிட்டுப் போத்தல்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தான். அவள் போனதும் திரும்ப வெளியே எடுத்து வைத்தான்.

மகள் கோபிகா பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்பில் இருந்து தாய் வீட்டுக்கு வந்தவள். பெண்குழந்தை. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து, பெயர் வைத்து, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தாய்ப்பால் போதாமல் பால்மா தொடங்கிய பிறகுதான் குழந்தைக்கு வயிற்றோட்டம் பிடித்தது. நிற்கும், இரண்டு நாள் சிரிக்கும், திரும்பவும் தொடங்கும். கிளினிக்கில் நிறுத்துப் பார்க்கும்போதெல்லாம் டொக்டரின் முகம் சுருங்கியது. அடுத்த முறையும் நிறை ஏறாவிட்டால் வார்ட்டில் விடவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"என்ன தண்ணியிலை கரைக்கிறியள்?" என்று அவர் கேட்டபோது கோபிகா வாய் திறக்குமுன் குணலட்சுமி முந்திக்கொண்டாள். "எங்கடை சொந்தக் கிணத்துத் தண்ணி, டொக்டர். புளியடித் தண்ணி எண்டால் ஊருக்கே தெரியும்." எதற்கும் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொன்னார் டொக்டர். குணலட்சுமி ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் கொதிக்க வைக்க விடவில்லை. கொதித்தால் தண்ணீரின் உயிர் போய்விடும், இளஞ்சூடு போதும் என்றாள்.

மருமகன் சயந்தன் ஒரு சனிக்கிழமை வந்தபோது, செல்வரட்ணம் கடையில் இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்து குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான். பயந்து பயந்துதான் வைத்தான். அவன் கொழும்பு பஸ் ஏறியதும் குணலட்சுமி அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்க் குரோட்டனுக்கு ஊற்றினாள். "காசு குடுத்துத் தண்ணி வாங்கிற வீடோ இது? பிள்ளைக்கு வருத்தம் வாறது தண்ணியாலை இல்லை. உன்ரை கை ஊத்தை. போத்திலை வடிவாக் கழுவத் தெரியாது. கொழும்பிலை பழகின பழக்கம்," என்றாள் மகளிடம். கோபிகா சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, போத்தல் கழுவி, திரும்பவும் கை கழுவினாள். கைத்தோல் உரியுமட்டும் கழுவினாள். எல்லாவற்றையும் அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேதான் கழுவினாள்.

இந்த நேரத்தில்தான் 'அழகிய ஒழுங்கை' போட்டி வந்தது. நாடு முழுவதுக்குமான போட்டி. வடக்கில் இருந்து ஓர் ஒழுங்கை இறுதிச் சுற்றுக்குப் போனது அதுதான் முதல் முறை. கடிதம் வந்த அன்றைக்குக் குணலட்சுமி உண்மையாகவே அழுதாள். யாழ்ப்பாணம் என்றால் ஷெல்லடியும் உடைந்த வீடும் என்றுதானே உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது, வந்து பார்க்கட்டும் என்றாள். அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த அழுகை சத்தியமான அழுகை.

நடுவர்கள் பங்குனி வெயிலில் வருகிறார்கள். மழை இல்லாமல் கானின் சிறப்பை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி வந்தது. குணலட்சுமிக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லா வீடும் ஒரே நேரத்தில் கானுக்குள் பைப்பைத் திறந்து விடவேண்டும். வெறும் தண்ணீர் படத்தில் தெரியாது. ஆகவே அதற்குள் துணிக்குப் போடும் நீலச் சாயம் கலக்கவேண்டும். ஒழுங்கை நெடுக நீல ஆறு ஓடி, நிரம்பாத கிணற்றுக்குள் விழுந்து மறையவேண்டும். ரொறொன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர்கள் போனில் நேரடியாகப் பார்க்கவேண்டும்.

முதல் நாள் பின்னேரம் ஒத்திகை பார்த்தார்கள். சாயத்தைக் குணலட்சுமி வேறு யாருடைய கையிலும் கொடுக்கவில்லை. தானே வாளி வாளியாகக் கரைத்தாள். "போனிலை தெரியேல்லை அக்கா, இன்னும் போடுங்கோ," என்றார் இராசநாயகம். போட்டாள். திரும்பவும் போடச் சொன்னார். வாங்கி வைத்த பைக்கற்றில் பாதி ஒத்திகையிலேயே போய்விட்டது. நீலம் பாய்ந்து போய்க் கிணற்றில் விழுந்தது. சனம் கை தட்டியது. அவளுடைய விரல்கள் பத்தும், முழங்கை வரைக்கும் கைகளும் நீலமாகிவிட்டன. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. போகாமல் இருந்ததில் அவளுக்குக் கவலையும் இல்லை.

விடிந்ததும் முதல் வேலையாகக் கனடாக்காரர் வளவுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கிணற்றில் நீலம் வெளிறி, கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. அவ்வளவு சாயத்தையும் ஒரே இரவில் விழுங்கிவிட்டதே என்று அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்து மோட்டரைப் போட்டாள். விருந்தினருக்குச் சமையல், வாசல் கழுவல், பெடியளின் குளிப்பு என்று காலை முழுக்க ஒழுங்கையில் எல்லா வீட்டு மோட்டரும் நிற்காமல் இறைத்தன.

நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். நாதஸ்வரம், மாலை, நிறைகுடம், எல்லாம் இருந்தன. குணலட்சுமியின் வீட்டு வாசலில்தான் பந்தல். நடுவர் குழுவின் தலைவி கண்ணாடி போட்ட, அதிகம் சிரிக்காத ஒரு பெண். அவள் மதில்களைப் பார்த்து, குரோட்டனைப் பார்த்து, கானைக் குனிந்து பார்த்தாள். வெயில் பொல்லாத வெயில். முதலில் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள் குணலட்சுமி. சோடா வேண்டாம், எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொடுங்கோ என்றாள். பளபளவென்று மினுக்கிய சில்வர் தம்ளர்களில் தண்ணீர் வந்தது. தலைவி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி," என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தாள். இன்னொரு நடுவர் இரண்டாவது தம்ளரும் வாங்கினார்.

பிறகு நீல ஆறு ஓடியது. ஒத்திகையைவிட நன்றாகவே ஓடியது. தலைவி மைக்கைப் பிடித்து, "மற்ற நகரங்கள் இந்த ஒழுங்கையை வந்து பார்த்துப் படிக்கவேண்டும்," என்று சொன்னாள். குணலட்சுமி இராசநாயகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கோபிகா வாசலுக்கு வந்தாள். ஒரு தோளில் குழந்தை. மற்றக் கையில் குழந்தையின் பால்போத்தல். போத்தலுக்குள் இன்னும் மா போடவில்லை, இளஞ்சூடாக்கிய தண்ணீர் மட்டுமே இருந்தது.

"அம்மா, தண்ணியைப் பாருங்கோ," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

வெயிலுக்கு நேரே போத்தலைப் பிடித்தாள். தண்ணீர் நீலமாக இருந்தது. கண் கூசினால் தெரியாமல் போகிற மங்கல் நீலம் இல்லை. பிள்ளைகளின் சித்திரக் கொப்பியில் வானத்துக்குப் பூசுவார்களே, அந்த நீலம்.

குணலட்சுமியின் காதுக்குள் நாதஸ்வரம் நின்றுபோய் ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. இராசநாயகம்தான் முதலில் சுதாரித்தார். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, "உங்கடை கைச் சாயம் எங்கையோ பட்டிருக்கும், அக்கா. பிள்ளையை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிறகு பாப்பம்," என்றார். அவள் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஓம், கைச் சாயம்தான். வேறென்ன. கைச் சாயம் பட்ட பானையில் சூடாக்கியிருப்பாள் இவள்.

ஆனாலும் கால் கிணற்றடிக்குத்தான் போனது. குழந்தையின் வெள்ளை வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். அவளுடைய கிணறு, அவளுடைய கயிறு, கை படாத தண்ணீர். வாளி மேலே வந்தபோது வெள்ளை வாளிக்குள் நீலம் ஆடியது. குனிந்து கிணற்றுக்குள் பார்த்தாள். காலை முழுக்க மோட்டர்கள் இறைத்த இழுப்பில், உள்ளே ஒரு பக்கக் கல்லிடுக்கில் இருந்து நீலம் கசிந்து கசிந்து வந்து மற்றத் தண்ணீரோடு கலந்துகொண்டிருந்தது.

கடலுக்குப் போகவில்லை. ஒரு சொட்டும் கடலுக்குப் போகவில்லை. புயல் மழையும் பெடியளின் குளிப்புத் தண்ணீரும் சட்டி கழுவிய தண்ணீரும் ஒழுங்கையைச் சுற்றி வந்து, இந்தக் கிணற்றுக்கே வந்து, தேத்தண்ணியாகி, சோறாகி, குழந்தையின் பாலாகி, எல்லார் வயிற்றுக்குள்ளும் போயிருக்கிறது. இவ்வளவு நாளும் அதற்கு நிறம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். நிறத்தையும் அவளே தன் கையால் கரைத்து ஊற்றினாள்.

பின்னாலேயே வந்த இராசநாயகம் வாளியைப் பார்த்தார்.

"அக்கா, ஒண்டு சொல்லோணும்," என்றார். "வாடகை அறைக்குக் கட்டின கக்கூசின்ரை குழி மாரிக்கு நிரம்பிப் போகுது. மேலாலை வழியிறது போறதுக்கு ஒரு பைப் வைச்சனான்."

"எங்கை வைச்சனீர்?"

அவர் மதிலுக்கு அப்பால் கான் இருக்கும் பக்கம் பார்த்தார். "நான் மட்டும் இல்லை, அக்கா," என்று பிறகு சொன்னார். "எல்லாரும்தான் வைச்சவை."

அந்தப் பைப்புகளை அவள் கண்டிருக்கிறாள். மதில் அடியில் வீட்டுக்கு வீடு வாய் நீட்டிக்கொண்டிருந்தன. எதற்கு என்று கேட்கவில்லை. பார்வைக்கு அவலட்சணமாக இருக்கிறது என்று, மதிலுக்கு அடித்த அதே பெயின்ற்றை அவற்றுக்கும் அடிப்பித்தாள். அது நினைவு வந்தபோது கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கோபிகா கிணற்றடிக்கு வந்து நின்றாள். குழந்தை தோளில் சோர்ந்துபோய்க் கிடந்தது. அவள் வாளியைப் பார்த்தாள். இராசநாயகம் சொன்னதை முழுக்கக் கேட்டிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

"என்ரை கை ஊத்தை எண்டனீங்கள், அம்மா," என்றாள்.

அதில் கோபம் இருந்திருந்தால் குணலட்சுமி தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. இரண்டு மாதமாகத் தோல் உரியக் கழுவிய ஒரு கை அவளுக்கு முன்னால் நின்றது.

பந்தலில் தலைவி இன்னும் மைக்கோடுதான் நின்றாள். முடிவை இன்றே சொல்லிவிடலாம் என்று சிரித்துக்கொண்டிருந்தாள். தம்ளர்கள் திரும்பவும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இராசநாயகம் குணலட்சுமியின் சேலைத் தலைப்பைப் பிடிக்காத குறையாக மறித்தார். "அக்கா, அவை போகட்டும். ஒரு மணித்தியாலம். எங்கடை ஊரின்ரை பேர், அக்கா." அவள் அவரைச் சுற்றிக்கொண்டு மேடைக்கு ஏறினாள். மைக்கை வாங்கும்போது தலைவி அந்த நீல விரல்களைப் பார்த்தாள்.

"அந்தத் தண்ணியைக் குடியாதையுங்கோ," என்றாள் குணலட்சுமி. "வையுங்கோ. ஒருத்தரும் குடியாதையுங்கோ. கான் தண்ணி எங்கடை கிணத்துக்கை வருகுது. கக்கூசுத் தண்ணியும் வருகுது. நான்தான் வெட்டினனான்."

தம்ளர்களை மேசையில் வைக்கிற சத்தம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. இரண்டாவது தம்ளர் வாங்கிய நடுவர் மிச்சத் தண்ணீரைக் கேக் வைத்திருந்த வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு எழும்பி மதில் பக்கம் போனார். யாரோ ரொறொன்ரோவுக்குக் காட்டிக்கொண்டிருந்த போனை மதில் பக்கம் திருப்பி வைத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக் கிணற்றைப் பார்க்க ஓடினார்கள். ஓடியவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். திரும்பி வந்து சொல்ல ஒருவரும் இல்லை.

குணலட்சுமி மேடையை விட்டு இறங்கி, பட்டுச்சேலையோடு ஒழுங்கை நெடுக நடந்தாள். பக்கத்தில் கான் இன்னும் நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. பைப்பை நிற்பாட்ட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. சந்தியில் செல்வரட்ணம் கடை வாசலில் இருந்தான். அவளைக் கண்டதும் வழக்கம்போல எழும்பித் தண்ணீர்ப் போத்தல்களை உள்ளே தள்ளப் போனான்.

"தள்ளாதை, தம்பி. அதிலை ரெண்டு தா," என்றாள்.

அவன் போத்தலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "விழாவுக்கோ அக்கா?"

"இல்லை. பேத்திக்கு."

அவன் பெடியனை விட்டு அனுப்புகிறேன் என்றான். அவள் மறுத்துவிட்டாள். இரண்டு இடுப்பிலும் இரண்டு போத்தலைத் தாங்கிக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்க, வந்த வழியே நடந்தாள். அந்த ஒழுங்கையில் அவளிடம் தண்ணீர்ப் பெருமை கேட்காத காது ஒன்றும் இல்லை. எல்லாரும் இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

குசினியில் கோபிகா குழந்தையோடு நிலத்தில் இருந்தாள். குணலட்சுமி போத்தல்களை அவளுக்கு முன்னால் இறக்கி வைத்தாள்.

"இதைக் கொதிக்க வை. பால் குடிச்ச பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவம். டொக்டரிட்டை எல்லாம் நான் சொல்லுறன். கொதிக்க வைக்காமல் தந்ததையும் சொல்லுறன்."

கோபிகா அண்ணாந்து தாயைப் பார்த்தாள். பிறகு பால்போத்தலையும் பால்மாப் பேணியையும் அவள் பக்கம் நகர்த்தி, "பிள்ளை என்னட்டைக் கிடக்கட்டும். நீங்கள் கரையுங்கோ, அம்மா," என்றாள்.

குணலட்சுமி கையை நீட்டினாள். நீல விரல்கள் பத்தும் பால்போத்தலுக்குக் கிட்டப் போய் அப்படியே நின்றன. அவள் அவற்றைப் பின்னுக்கு இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பிள்ளையை என்ரை மடியிலை வை," என்றாள். "நீ கரை. உன்ரை கைதான் சுத்தம்."